அந்தப் பாட்டி கத்தியதில் என்ன தப்பு?

அந்த வீடியோவை இங்கே மறுபடியும் ஷேர் செய்யப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில், அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்பின் குறுகிய தெருவில் தமிழில் வீடியோ போடுகிற நம் ஆட்கள் 28-ஆம் நம்பர் டிராமை மறித்து நின்று ரீல்ஸ் எடுத்ததும், மேல் ஜன்னலிலிருந்து சத்தம் போட்ட பாட்டியை "லூசுக் கிழவி" என்று சொன்னதும், அதற்குக் கீழே குவிந்த சிரிப்பும். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் சிரித்திருந்தார்கள். அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

அவர் கத்தியதில் என்ன தப்பு? அது அவருடைய தெரு.

லிஸ்பனுக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். 1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கமும் கடலலையும் தீயும் சேர்ந்து நகரத்தை அழித்தபோது, கீழே பாய்ஷா என்ற பள்ளத்துப் பகுதி தரைமட்டமானது. அதை அப்போதைய அமைச்சர் பொம்பால் நேர்நேர் வீதிகளாகத் திரும்பக் கட்டினார். மேட்டிலிருந்த அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியதால், பழைய சந்துகள் அப்படியே இருக்கின்றன. சில இடங்களில் டிராம் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு டிராம் போக வழியில்லாததால் ஒற்றைத் தண்டவாளம். ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும்.

அந்த மஞ்சள் வண்டி நமக்குப் போட்டோ. அங்கே இருப்பவர்களுக்கு அது கால். கிராசா மேட்டு நிறுத்தத்தில் நான் நின்றிருந்தபோது, சக்கரம் வைத்த துணிப்பையோடு ஒரு அம்மா காத்திருந்தார். பையிலிருந்து கீரைத் தழை எட்டிப் பார்த்தது. வந்த வண்டி முழுக்கக் கேமராவும் செல்ஃபி குச்சியும். ஓட்டுநர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்ததும் அப்படியே. அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. பையை இழுத்துக்கொண்டு, வழுக்கும் கல் பாவிய சரிவில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அதற்குப் பிறகு 28-இல் ஏற எனக்கு மனம் வரவில்லை.

"காசு கொடுத்துத்தானே போகிறோம், இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி வேறு கட்டுகிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டுங்கள். அந்த 4 யூரோவில் ஒரு தெருவும் ஒரு பாட்டியின் மதியத் தூக்கமும் அடங்காது. வீடுகளெல்லாம் சுற்றுலா வாடகைக்குப் போய், குடியிருந்தவர்கள் வெளியேற ஆரம்பித்துத்தான், 2018-இல் மாநகராட்சியே அல்ஃபாமா போன்ற பகுதிகளில் புதிய சுற்றுலா வாடகைப் பதிவுகளை நிறுத்தி வைத்தது. மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பேரில் ஒருவர்தான் அந்த ஜன்னலில் நின்றவர்.

"வெள்ளைக்காரன் நம்மூரில் இப்படித்தானே செய்கிறான்?" செய்தால் அதுவும் தப்பு. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

"நம்மைக் கொள்ளையடித்தவர்கள் அவர்கள், அவர்களுக்கு என்ன மரியாதை?" இதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. கோபம் இருக்கிறதா? எனக்கும் இருக்கிறது. 1502-இல் மலபார் கடலில் யாத்ரீகர்கள் வந்த கப்பலை ஆட்களோடு எரித்த வாஸ்கோ ட காமா, லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே கல்லில் கை கூப்பிப் படுத்திருக்கிறான். 1621-இல் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள் போர்ச்சுகல் அரசின் ஆட்கள். கோபப்பட வேண்டிய இடம் அது. அதே வீடியோவில், அந்தக் கல்லறை முன்னால் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். காமாவுக்குச் சிரிப்பு, பாட்டிக்கு ஏச்சு. அந்தப் பாட்டியின் தலைமுறை பிறந்து வளர்ந்ததே சர்வாதிகாரத்தில். 1974 ஏப்ரல் 25 புரட்சி வரை வாயைத் திறக்க முடியாமல் இருந்தவர்கள். இப்போதாவது சொந்த ஜன்னலில் நின்று கத்தட்டுமே.

தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊரும் லிஸ்பன்தான். 1554-இல், ரோமன் எழுத்தில். தமிழில் வீடியோ போடுகிறவர்களுக்கு அதைச் சொல்ல அரை நிமிடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதெல்லாம் ஒரு ரீல்ஸுக்கு ஓவர் என்பீர்கள். அல்ஃபாமாவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மார்த்தீம் மோனிஸ் சதுக்கம். பக்கத்தில் பென்ஃபொர்மோசோ தெரு. வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், இந்தியா என்று நம் பக்கத்து ஆட்கள் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் பிழைக்கிற தெரு. 2024 டிசம்பரில் போலீஸ் அங்கே அவர்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சோதித்த படம் உலகம் முழுக்கப் போனது. நாம் படம் எடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவோம். அதே நிறத்தோடு, அதே முகத்தோடு நாளைக்கும் அந்த டிராமில் ஏறி வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். "இவனுங்களே இப்படித்தான்" என்கிற பேச்சு யார் காதில் விழும்?

பொறாமை என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், அழிக்க மாட்டேன். பாட்டியைக் கேலி செய்து வரும் கமென்ட் மட்டும் இங்கே நிற்காது.