2008 விபத்து மோதலால் வந்ததல்ல

ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் உள்ள எல்.எச்.சி. என்ற ராட்சத துகள் மோதல் கருவியைப் பற்றியது ‘பார்ட்டிகிள் ஃபீவர்’ ஆவணப்படம். அதில் வரும் 2008 விபத்து, புரோட்டான்களை மோதவிட்ட சோதனை கைமீறிப் போனதால் நடந்தது என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். படத்தை ஒருமுறை பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நடந்தது வேறு.

செப்டம்பர் 10 அன்று அந்தக் கருவியில் புரோட்டான் கற்றையைச் சுற்றவிட்டார்கள், அவ்வளவுதான், மோதவிடவில்லை. விபத்து 19ஆம் தேதி. அன்று நடந்தது, கற்றையை வளைத்துச் செலுத்தும் காந்தங்களுக்கு மின்சாரத்தை ஏற்றிப் பார்க்கும் சோதனை. அப்போது குழாயில் கற்றையே இல்லை. இரண்டு காந்தங்களுக்கு நடுவே மின்கம்பி இணைப்பு ஒன்று சரியாக அமையாததால் தீப்பொறி பாய்ந்து, காந்தங்களைக் குளிரவைக்கும் ஹீலியம் இருந்த உறையில் ஓட்டை விழுந்தது. சுமார் மைனஸ் 271 டிகிரியில் இருந்த திரவ ஹீலியம் சட்டென்று வாயுவாகி விரிந்த வேகத்தில், டன் கணக்கான காந்தங்களே இடம் பெயர்ந்துவிட்டன. நம் வீட்டு ஸ்விட்ச் போர்டில் லூஸ் கனெக்‌ஷன் சூடாகிக் கருகுவதன் ராட்சத வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது சுலபம். செர்ன் தளத்தில் 2008 அக்டோபரில் வெளியான விபத்து அறிக்கை இருக்கிறது. அப்படியே முதல் மோதல் பற்றிய செய்திக்குறிப்பின் தேதியையும் பாருங்கள்: 2009 நவம்பர் 23.