ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி குளிர்ந்தால் காற்று காரணமல்ல
வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பற்றி, “கீழ்ப்பகுதி சூடாகாவிட்டால் சாவி போட்டு உள்ளே சிக்கிய காற்றைத் திறந்துவிட்டால் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. காற்று மேலேதான் போய்த் தங்கும், அப்போது மேல்பகுதிதான் குளிரும். கீழே, அதுவும் நடுவில் குளிர்ந்தால், பெரும்பாலும் உள்ளே கருஞ்சேறு படிந்திருக்கிறது. பிரிட்டனின் பழைய வீடுகளில் இது சகஜம். இரும்பு அரித்து உண்டாகும் மேக்னடைட். காற்றைத் திறக்கும்போது கசியும் தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள், மை மாதிரி கறுப்பாக இருக்கும். அதற்கு ரேடியேட்டரை அலசுவதுதான் வழி.

சும்மா காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தால் குழாய்களில் தண்ணீரின் அழுத்தம் இறங்கும். ஈடுகட்டப் புதுத் தண்ணீர் ஏற்றுவீர்கள், அதிலுள்ள ஆக்சிஜன் இன்னும் துருவை உண்டாக்கும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்திருந்தால் விஷயம் வேறு. அதன் பக்கத்தில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு வால்வின் தலையைக் கழற்றி உள்ளிருக்கும் ஊசியை மெல்ல அழுத்துங்கள். திரும்ப எழும்ப வேண்டும். கோடை முழுதும் மூடிக் கிடந்தால் சிக்கிக்கொள்ளும். ஊசியை இழுத்து மட்டும் எடுத்துவிடாதீர்கள், தண்ணீர் பீய்ச்சும்.