அம்பறாத்தூணிக் குடும்பங்கள் கத்தோலிக்கர்கள் அல்ல

"அமெரிக்காவில் 19 பிள்ளை பெற்ற குடும்பம். கருத்தடையைக் கத்தோலிக்கச் சபை தடுப்பதால்தான் இப்படி. அங்கே வீட்டிலேயே பாடம் படிக்கிற பிள்ளைகள் எல்லாருமே இந்த மாதிரிக் குடும்பம்தான்." ஒரு படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இந்தச் செய்தியில் 19 என்ற எண் மட்டும்தான் சரி.

அந்தக் குடும்பம் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த டகர் குடும்பம். அவர்கள் பாப்டிஸ்ட்டுகள், அதாவது புரொட்டஸ்டண்ட் பிரிவினர். கடவுள் தருகிற பிள்ளைகளையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டும், கருத்தடை கூடாது என்று நம்பும் இவர்களைப் போன்றவர்களை 'குவிவர்ஃபுல்' (நிறைந்த அம்பறாத்தூணி) என்கிறார்கள். பிள்ளைகள் வீரன் கையிலுள்ள அம்புகள், தூணியை நிரப்பியவன் பாக்கியவான் என்று சொல்லும் 127-ஆம் சங்கீதத்திலிருந்து வந்த பெயர். இது தனிச் சபை அல்ல. 1980-களில் சுவிசேஷ புரொட்டஸ்டண்ட் குடும்பங்களிடையே பரவிய ஒரு போக்கு. 1985-இல் மேரி பிரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய நூல் அதற்குப் பெரிய தூண்டுதல்.

கத்தோலிக்கச் சபையின் நிலை வேறு: போப்பின் 1968 சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையைத்தான் மறுக்கிறது. மாதவிடாய் நாட்களைக் கணக்கிட்டுப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட, தக்க காரணம் இருந்தால், இடம் தருகிறது. குவிவர்ஃபுல்காரர்கள் பொதுவாக அதையும் ஏற்பதில்லை.

கவலைப்பட வேண்டியது பெண்பிள்ளைகளைப் பற்றித்தான். டகர் வீட்டில் மூத்த பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையை ஒப்படைத்தார்கள்: குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, பாடம் கேட்பது எல்லாம். அந்தப் பாரம் பெரும்பாலும் அக்காக்கள் தோளில் விழுந்தது.

அப்புறம் வீட்டுக்கல்வி. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இந்த மாதிரிக் குடும்பம் அல்ல. 2016-இல் அமெரிக்க அரசு எடுத்த கணக்கெடுப்பில், பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோரில், பள்ளிச் சூழல் பற்றிய கவலையே முதன்மைக் காரணம் என்றவர்கள் 34 சதவீதம். மதப் போதனை என்றவர்கள் 16 சதவீதம்.