நெட்வேர்க் சாமான் வியாபாரம் வளரும். எந்தச் சாமான்?

நெட்வேர்க் சாமானுக்கு (கணினி, கமராக்களை இணைக்கிற பெட்டி, கேபிள்) இனி நல்ல காலம் எண்டு கனபேர் எழுதினம். சரிதான், ஆனா அந்தக் காசில பெரிய பங்கு ஏஐ தரவு மையங்களுக்குள்ள புரளுது. கிராஃபிக்ஸ் சிப் செய்த என்விடியா 2020இல தரவு மைய இணைப்புச் சாமான் செய்த மெலனொக்ஸை வாங்கி நெட்வேர்க் கம்பனியும் ஆகிட்டுது. சேர்வர் விக்கிற ஹெச்பிஈ 2025இல நெட்வேர்க் கம்பனி ஜூனிப்பரை 1,400 கோடி டொலருக்கு வாங்கினது. இடையில பெரிய நெட்வேர்க் கம்பனி சிஸ்கோவின்ர 2024 நிதியாண்டு வருமானம் இறங்கினதையும் மறக்கக் கூடாது. 2021-22 சிப் தட்டுப்பாட்டில பயந்து அளவுக்கு மிஞ்சி ஓடர் குடுத்த ஆக்கள், வந்த பெட்டியளைப் பூட்டி முடியும்வரை புதுசா வாங்கேல்ல.

தரவு மையத்தில ஓடுற 800 கிகாபிட் சுவிட்ச் (பல கேபிளை ஒண்டா இணைக்கிற பெட்டி) யாழ்ப்பாண ரவுணுக்கு வரப்போறேல்ல. எங்கட பக்கம் ஓடப்போறது 2.5 கிகாபிட் போர்ட்டும் பிஓஈயும் (நெட்வேர்க் கேபிளாலயே கறண்ட் குடுக்கிறது) உள்ள சின்னச் சுவிட்ச். வைஃபை 7 அக்சஸ் பொயின்ற் (வைஃபை பரப்புற பெட்டி) பலதுக்கு இரண்டும் வேணும். நல்லூர்த் திருவிழாவுக்கு அறை நிரம்புற தங்குமிடத்தில அதைக் கொண்டுபோய்ப் பழைய கிகாபிட் சுவிட்சில கொழுவினா, 1 கிகாபிட்டோட நிண்டிடும். கேபிளை இடிச்சு மாத்தத் தேவையில்ல, ஒழுங்கான கெட்-5ஈ தரக் கேபிள் 100 மீற்றருக்கு 2.5 கிகாபிட் தாங்கும். (வாற இன்ரநெற் லைனே 100 மெகாபிட் எண்டா ஒண்டையும் மாத்தாதேங்கோ.)

பிஓஈயிலதான் ஆக்கள் கூடப் பிழைவிடுகினம். பெட்டியில '8 போர்ட், போர்ட்டுக்கு 30 வாட்' எண்டு கிடக்கும். கீழ சின்ன எழுத்தில மொத்தம் 60 வாட் எண்டு இருக்கும், அதை ஒருத்தரும் பாக்கிறேல்ல. பகலில 5 வாட் இழுக்கிற கமரா, இரவில இன்ஃப்ராரெட் லைற் பத்தினா 9 வாட் இழுக்கும். எட்டுக் கமரா, 72 வாட். பின்னேரம் ஆறரைக்கு ரெண்டு கமரா செத்து, விடிய உயிர்க்கும். கமரா பழுது எண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவினம். அங்க பகலில பூட்டிப் பாத்தா நல்லா வேலை செய்யும்!

அதே பழுதுக்கு இன்னொரு காரணம் மலிவுக் கேபிள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினதைக் கெட்-6 (கெட்-5ஈயைவிட உயர்ந்த தரம்) எண்டு விக்கினம். தடை ஒண்டரை மடங்குக்குக் கிட்ட, 80 மீற்றர் தாண்டேக்க வோல்ற்றேஜ் விழும். நுனியைப் பிளேட்டால சுரண்டுங்கோ, உள்ளுக்க வெள்ளி நிறம் தெரிஞ்சா வேண்டாம். 23 கேஜ் (கம்பித் தடிப்பு) 305 மீற்றர் பெட்டியில செம்பு மட்டுமே ஐஞ்சரைக் கிலோவுக்குக் குறையாது, தூக்கிப் பாத்தே பிடிக்கலாம்.

என்ர கணிப்பில, இங்க பெட்டி விக்கிற லாபம் மெலியும், ஃபைபர் ஒட்டத் தெரிஞ்சவனுக்கு வேலை கூடும். முன்வீட்டுக்கும் பின் கட்டடத்துக்கும் இடையில செம்புக் கேபிள் இழுத்தா, ஐப்பசி இடிமின்னலுக்கு ரெண்டு பக்க எர்த்தும் ஒத்துப்போகாமல் சுவிட்ச் போர்ட்டுகள் எரியும். சிங்கிள் மோட் ஃபைபரும் (ஒளியால தகவல் போற கண்ணாடி இழை) முனைக்கு ஒரு மீடியா கொன்வேட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளோட இணைக்கிற பெட்டி) போட்டா அந்த வழி அடைபடும், கறண்ட் லைனால வாறதுக்கு வேற பாதுகாப்பு வேணும். பருத்தித்துறைப் பக்கம் எண்டா வெளியில இருக்கிற ஆர்ஜே-45 முனையை (நெட்வேர்க் கேபிளின்ர செருகி) மூடியுள்ள கிளான்டுக்குள்ள (தண்ணி, காத்துப் புகாத உறை) விடுங்கோ. உப்புக்காத்து பின்னைப் பச்சையாக்கினாப் பிறகு எந்தக் கம்பனிச் சுவிட்சும் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடக்கூடும்.