பனங்காட்டில் பட்டர்ஸ்காட்ச்

காரை எடுத்தாலே எனக்கு ஒரு கிறுக்கு. வேறெங்கும் கிடைக்காத ஐஸ்கிரீம் விற்கிற கடை ஒன்றை வழியில் கண்டுபிடித்தாக வேண்டும். போன ஞாயிறும் அப்படித்தான் திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரோட்டில் கிளம்பினோம். ஆலங்குளத்தில் ஒரு கடை, பாவூர்சத்திரத்தில் ஒன்று, குற்றாலத்தில் இரண்டு. நாலு போர்டிலும் 'ஸ்பெஷல்'. நாலு கண்ணாடிப் பெட்டியிலும் அதே வெனிலா, ஸ்ட்ராபெரி, பட்டர்ஸ்காட்ச். எது ஸ்பெஷல்? உச்சியில் வைக்கிற அந்தச் செர்ரியா? அது செர்ரியே இல்லை ஐயா, சாயம் போட்டுப் பாகில் ஊறவைத்த களாக்காய்!

இது பனை விளைகிற சீமை. உடன்குடிக் கருப்பட்டி என்றால் ஊரே நாக்கைச் சப்புக்கொட்டும். கோடை வந்தால் சாலையோரமெல்லாம் நுங்கும் பதநீரும். இதில் ஒன்றையாவது ஐஸ்கிரீமில் போட ஒருத்தருக்கும் தோன்றாதா? வாய்விட்டே கேட்டேன்.

"கருப்பட்டியா? அதெல்லாம் ஓடாது சார். சாக்லேட் தரட்டா?"

சரி, விதி என்று ஒரு கப் வாங்கினேன். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'ஃப்ரோசன் டெசர்ட்'. அதாவது பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டுக்கொள்ளக்கூட அதற்கு அனுமதி கிடையாது. பெட்ரோலை எரித்து, குற்றாலம் வரை வழி விசாரித்து, எண்ணெய்க் கட்டியைத் தின்னவா வந்தேன்?

"இது நம்ம தெருமுனைக் கடையிலயே இருக்குல்லா?" என்றாள் மனைவி.

நான் பதில் சொல்லவில்லை. முழங்கை வரை ஒழுகியதைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.