மீன்பாடும் தேன்நாட்டில் மீன் பிடிப்பவனுக்கு மரியாதை இல்லை

மட்டக்களப்பில் எங்கள் ஊரின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். படத்தில் இருப்பவன் என் மருமகன், அக்காவின் மகன். கனடாவில் உறைந்துகிடக்கும் சிம்கோ ஏரியின் மேல் நின்று, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடும் போட்டியில் தான் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறான். அவ்வளவுதான் அவன் செய்தது.

“கனடாவுக்குப் போயும் குலத்தொழிலை விடவில்லை” என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் எனக்குப் படிப்பித்தவர் இருக்கிறார், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். வேறு எதையாவது எழுதியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். இதற்குப் பேசாமல் இருக்க முடியாது.

மீன் பிடிப்பது அறிவு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

“ஓட்டைக்குள் நூலை விட்டுக்கொண்டு குந்தியிருப்பதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கேட்டது நல்லது. பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பில் தெளிவாக இறுகியிருந்தால்தான் ஒரு மனிதன் அதன்மேல் நடக்கலாம். வெள்ளையாகப் பொருமியிருந்தால் அந்தத் தடிப்பும் போதாது. துளைத்து அளந்து பார்த்துத்தான் முன்னே போகிறார்கள். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் மேலே ஏரி உறைந்திருந்தாலும் ஆழத்தில் அந்த வெப்பம் தங்கும். குளிரில் மீனின் உடல் மந்தமாகிவிடுகிறது. பாய்ந்து விழுங்காது, உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடும். அந்த ஒரு கொத்தை அறிவதற்காகத் தூண்டில் நுனியில் மெல்லிய சுருள்கம்பி பூட்டுகிறார்கள். துளையில் பனி திரும்பத் திரும்பப் படியும், கண்ணகப்பை போன்ற ஒன்றால் அதை அள்ளி எறிந்துகொண்டே இருக்க வேண்டும். மருமகன் காணொளி அழைப்பில் கையைக் காட்டினான். விரல் நுனிகள் சிவந்து வெடித்திருந்தன, தங்கூசி நூல் நெடுகப் பனி மணிமணியாக ஒட்டியிருந்தது. “கையுறையைப் போட்டால் கொத்துத் தெரியாது மாமா” என்றான்.

இதற்கு உலகப் போட்டியே இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் அது நடந்தபோது போட்டியாளர்களுக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை செய்தார்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் அவ்வளவு கண்டிப்பு. மினசோட்டாவில் பிரெய்னர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1991இல் தொடங்கிய போட்டி ஒன்று இருக்கிறது. ஒரு பகல், மூன்று மணி நேரம், ஆயிரக்கணக்கான மனிதர்கள், ஆயிரக்கணக்கான துளைகள். சேரும் பணம் தொண்டு வேலைகளுக்குப் போகிறது. அங்கே நிற்பவர்களிடம் ‘நீ எந்தக் குலம்’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் அம்மப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத எனக்கு வராது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. விடியப் புறப்பட்டு வாவியில் தோணியை நிறுத்தி, தங்கூசியைச் சுட்டுவிரலின் மேல் போட்டுக்கொண்டு இருப்பார். கொத்து விழுந்ததும், மீன் மேலே வருவதற்கு முன்பே பெயர் சொல்வார். ஓரா கொறிக்கும், கெளுத்தி அடியை நோக்கி இழுக்கும், கொடுவா மேலே பாய்ந்து தலையை உதறும். மாரியில் வாவியைக் கடலோடு சேர்க்கும் ஆற்றுவாயை வெட்டினால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறும், எந்த மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதே அம்மப்பாவோடு தோணியில் போய்விட்டு நான் பள்ளிக்கூடம் வந்த ஒரு நாள், “மீன் வெடில் அடிக்கிறது, பின்னால் போய் இரு” என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்கள். அன்றும் சிரித்தார்கள். சிரிப்புக் குறியைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

சிலர் நியாயமாகவே கேட்கிறார்கள்: பசிக்குப் பிடிப்பவனையும் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவனையும் ஒன்றாக வைக்கலாமா? உண்மைதான், இரண்டும் ஒன்றல்ல. யுத்த காலத்தில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்தவர்களுக்கு வாவியில் இறங்குவதே உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. மாலையில் வலை வீசப் போனவர் திரும்புவாரா என்று கரையில் காத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அதைப் பரிசுப் போட்டியோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் நீங்கள் பசிக்குப் பிடித்தவரையும் மதிக்கவில்லையே! அவரை மதித்திருந்தால், அவருடைய பேரன் விளையாட்டாகப் பிடிப்பதைக் கண்டு ‘குலத்தொழில்’ என்ற சொல் உங்கள் வாயில் வந்திருக்காது.

மீனை வதைக்கிறார்கள் என்பவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டு மதியக் கறி என்னவென்று ஊருக்குத் தெரியும்.

அந்தப் போட்டிகளில் ஏமாற்று நடக்கிறதே என்று ஒருவர் செய்தி இணைப்பைப் போட்டிருந்தார். நடந்தது உண்மை. 2022 செப்டெம்பரில் ஓஹாயோவின் கிளீவ்லாந்தில், அது பனிக்கட்டிப் போட்டிகூட அல்ல, படகுப் போட்டி, முதலிடம் பெற்ற மீன்களின் வயிற்றை அறுத்தபோது உள்ளிருந்து ஈயக்குண்டுகள் விழுந்தன. பரிசு 28,000 டொலருக்கு மேல். பிடித்த இருவரும் அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 10 நாள் சிறை கிடைத்தது. மீனின் எடையில் பொய் சொன்னவனை அங்கே சிறைக்கு அனுப்பினார்கள். இங்கே கரையில் என் அக்காவிடம் தராசில் கைவைத்த வியாபாரிக்குத் திருவிழாவில் முன்வரிசையில் கதிரை போடுகிறோம். இதையும் அந்த இணைப்போடு சேர்த்துப் போடுங்கள்.

மேடைக்கு மேடை மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்கிறோம். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்கு அழைத்துப்போய், பாடும் மீனைக் கேட்கச் சொல்கிறோம். பாடும் மீன் எங்களுடைய பெருமை. அந்த வாவியில் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிபவன் மட்டும் எங்களுடைய பெருமை இல்லை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாவி இது. இதன் கரையில் பிறந்த பிள்ளைக்கு, மீன் பிடிக்கத் தெரியும் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றால் அந்த வெட்கத்தை ஊட்டியது யார்? பிள்ளைகள் ஒவ்வொருவராக வாவியை விட்டுப் போகிறார்கள். வாவியை அறிந்தவர்கள் குறையக் குறைய, தடைசெய்யப்பட்ட வலையைப் போட்டுக் குஞ்சுகுருமானோடு அள்ளுகிறவனைத் தடுத்துக் கேட்கவும் ஆள் இல்லாமல் போகிறது. அப்போது மட்டும் ‘வாவி அழிகிறது’ என்று பதிவு போடுகிறீர்கள்.

நான் கோபத்தில் எங்கோ போய்விட்டேன் என்பீர்கள். எங்கும் போகவில்லை. மருமகன் கனடாவில் மின்னியல் வேலை செய்கிறான், உங்கள் சிரிப்பு அவனை ஒன்றும் செய்யாது. “விடுங்கள் மாமா” என்று சொல்லிவிட்டு அடுத்த கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

அவனைப் படிக்கவைத்தது என் அக்கா. தலையில் மீன்கடகத்தோடு உங்கள் ஒழுங்கைகளில்தான் நடந்தாள். உங்களில் பலர் அவளிடம் கடனுக்கு வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பின்னூட்டங்களை யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்று அவள் சந்தைக்குப் போகவில்லை. “என்னால்தானே பிள்ளைக்கு இந்தப் பேச்சு” என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு விளக்கம் எழுத வேண்டாம், உள்பெட்டியில் சமாதானம் சொல்லவும் வேண்டாம். அக்காவின் வீடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய்ச் சொல்லுங்கள்.