தீ மிதித்தவள் அவள், பரிசோதனைக்குப் போகாதவன் நான்

கல்யாணமாகி ஆறு ஆண்டுகள். குழந்தை இல்லை. என் மனைவி பீலிக்கான் அங்காள பரமேஸ்வரிக்கு நேர்ந்துகொண்டு தீ மிதித்தாள். யாங்கோனில் மூன்று மருத்துவர்களிடம் ஏறி இறங்கினாள். ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் அவளுக்குத்தான். வளைகாப்பு வீடுகளில் ஓரமாக உட்கார்ந்தவளும் அவள்தான். என்னை விந்துப் பரிசோதனைக்குப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இதை எழுதுவது மற்ற வீடுகளுக்காக.

இத்தனைக்கும் அறிகுறி என் உடம்பில்தான் இருந்தது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இரண்டு ஆண்டுகளாக வலி. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவேன். விந்து வெளியேறும்போது சுரீரென்று வலிக்கும். உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக் காலத்தைத் தள்ளினேன். கடைசியில் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது, அது புரோஸ்டேட் சுரப்பியின் நாள்பட்ட அழற்சி என்று.

சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருக்கும் இந்தச் சுரப்பிதான் விந்துத் திரவத்தில் ஏறக்குறைய கால் பங்கைத் தருகிறது. விந்தணுவைக் காக்கும் துத்தநாகம் அதில் இருக்கிறது. அழற்சி நீடித்தால் துத்தநாகம் குறையலாம். இரத்த வெள்ளணுக்கள் பெருகி, அவை உமிழும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் விந்தணுவின் கொழுப்புச் சவ்வை அரிக்கும். நீந்தும் வலு போய்விடும், உள்ளே இருக்கும் டிஎன்ஏவும் உடையலாம். ஒரு மணி நேரத்துக்குள் நீர்த்துவிட வேண்டிய விந்து கெட்டியாகவே நின்றுவிடுவதும் உண்டு. முன்னோக்கி நீந்தும் விந்தணுக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ்வரம்பு 30 சதவீதம். எனக்கு இருந்தது 18.

அழற்சி உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, அப்பாவானவர்கள் ஏராளம். தாம்பத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதனாலேயே 'நமக்கென்ன' என்று இருந்தேன். ஆண்மை வேறு, விந்தணுவின் தரம் வேறு என்பதை நம் ஆண்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

இன்னொன்று. மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். இந்த நாள்பட்ட அழற்சியில் கிருமி அகப்படுவது பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. எனக்கும் கிருமி இல்லை. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரையும், இடுப்புத் தசைக்கான பயிற்சியும்தான் கொடுத்திருக்கிறார்கள். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

புதிய விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகுமாம். அதனால் மறுபரிசோதனைக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த முறை வரிசையில் நிற்பது நான்.